கூடைக்குள் ஒரு தேசம்

பூகோளப் படத்திலிருந்து ஒரு தேசத்தை அழித்து விடுவது அப்படி ஒன்றும் பிரமாதமான காரியம் அல்ல. அண்டை அயலில் உள்ள வல்லரசுகள் ஆளுக்கொரு வர்ணப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். போலந்து தேசத்துக்கு அப்படித்தான் நேர்ந்தது. 1772, 1793, 1795 ஆகிய வருஷங்களில் மூன்று தவணையாக அதைப் பங்கு போட்டார்கள். ருஷ்யாவுக்கு ஒரு பங்கு, பிரஷ்யாவுக்கு ஒரு பங்கு, ஆஸ்திரியாவுக்கு ஒரு பங்கு. மூன்றாவது தவணை முடிந்தபோது, பங்கு போடுவதற்கு மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. அது முதல் 1918 நவம்பர் வரையில், 123 வருஷ காலம், போலந்து என்ற சுதந்திர ராஜ்யம் உலகத்தில் இல்லை.

ராஜ்யம் இல்லையே தவிர, ஜனங்கள் இருந்தார்கள். அவர்களுடைய பாஷை இருந்தது. ஐந்து தலைமுறைக்குப் பிறகு அந்த தேசம் உறக்கத்திலிருந்து எழுந்தது போல எழுந்து உட்கார்ந்தது. இது எப்படிச் சாத்தியமாயிற்று? கவிகள் காப்பாற்றினார்கள் என்று சிலர் சொல்வார்கள். 1830-லும் 1863-லும் கிளர்ச்சி செய்து மாண்ட வீரர்கள் காப்பாற்றினார்கள் என்பார்கள் வேறு சிலர். மாதாகோயில் காப்பாற்றியது என்பாரும் உண்டு. இவையெல்லாம் உண்மையே. இவற்றோடு இன்னொரு சின்னக் காரணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நமது கட்சி. அது ஒரு பிரம்புக் கூடை. ஈஸ்டர் பண்டிகைக்கு முதல் நாள் போலந்தின் பெண்மணிகள் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் கூடை.

ஈஸ்டர் இன்னதென்பது நேயர்களுக்குத் தெரிந்ததே. ஏசுநாதர் சிலுவையில் உயிர் நீத்து மூன்றாம் நாள் எழுந்ததைக் கிறிஸ்தவர்கள் கொண்டாடும் திருநாள். கிறிஸ்துமஸைப் போல அது ஒரே தேதியில் வருவதில்லை. நம்முடைய பண்டிகைகளைப் போலச் சந்திரனைப் பார்த்துக்கொண்டு வருவது. மார்ச்சு 21-ந் தேதியன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஈஸ்டர். ஆகையால் அது மார்ச்சு 22-க்கு முன்னால் வராது. ஏப்ரல் 25-க்குப் பின்னால் போகாது. போலந்தில் அது பனி உருகும் காலம். மாதக்கணக்கில் வெள்ளைப் போர்வைக்குள் முடங்கிக் கிடந்த பூமி, கறுப்பாகவும் பச்சையாகவும் கண்ணைத் திறக்கும் காலம்.

பண்டிகையின் ருசி தெரிய வேண்டுமானால் அதற்கு முந்திய பட்டினியின் ருசி தெரிய வேண்டும். சாம்பல் புதன் என்று ஒரு நாள் தொடங்கி ஈஸ்டர் வரையில் நோன்பு. கணக்கில் நாற்பது நாள். நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்தால் நாற்பத்தாறு. பழைய நாளில் மாமிசம் மட்டுமல்ல, கண்டிப்பான குடும்பங்களில் பால், வெண்ணெய், முட்டை கூடக் கிடையாது. பின் எதைத்தான் சாப்பிட்டார்கள்? உப்பிலிட்ட ஹெர்ரிங் மீனும், "ஜூர்" என்ற புளிக்கஞ்சியும். ரை என்னும் தானியத்தின் மாவைத் தண்ணீரில் கரைத்து, நாலைந்து நாள் புளிக்க வைத்துக் காய்ச்சுவது ஜூர். புளித்த மாவுக்கு நாம் விரோதி அல்ல. தோசை தின்று வளர்ந்தவர்கள். ஆயினும் ஒன்றரை மாதம் அதே கஞ்சி என்றால் எப்பேர்ப்பட்ட பக்தனுக்கும் கொஞ்சம் கோபம் வராமல் போகுமா?

அந்தக் கோபத்துக்கும் ஒரு சடங்கு வைத்திருந்தார்கள். நோன்பு முடியும் தறுவாயில், பெரும்பாலும் பெரிய வெள்ளிக்கிழமையன்று, கிராமத்து வாலிபர்கள் ஜூர்ப் பானையை ஆரவாரமாகத் தூக்கிக்கொண்டு போய்க் குழி வெட்டிப் புதைப்பார்கள். அல்லது போட்டு உடைப்பார்கள். ஹெர்ரிங் மீனுக்கு இன்னும் கடுமையான தண்டனை. மரத்தாலோ அட்டையாலோ ஒரு மீன் செய்து, அதைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தூக்கிலிடுவார்கள். ஆறு வாரம் மாமிசத்தை விரட்டிவிட்டு அதன் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்திருந்த குற்றத்துக்காக! இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அப்படிப் புதைக்கப்பட்ட அதே புளிக்கஞ்சிதான் ஞாயிற்றுக்கிழமை பண்டிகை மேஜைக்கும் வருகிறது. அவித்த முட்டையும் வெள்ளைக் கொத்துக்கறிக் குழலும் சேர்ந்து, "ஜூரெக்" என்ற செல்லப் பெயரோடு வருகிறது. எல்லாரும் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறார்கள். மனிதனுடைய பகை உணவின் மேல் அல்ல, கட்டாயத்தின் மேல்தான் என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னதாக வருவது குருத்தோலை ஞாயிறு. ஓலையோ பனையும் பேரீச்சையும் வளரும் தேசத்தின் சரக்கு. போலந்தின் குளிரில் அதற்கு எங்கே போவது? வில்லோ மரத்தின் கிளைகளை ஒடித்துக்கொள்கிறார்கள். வஸந்தத்தின் முதல் அறிகுறியாக அந்தக் கிளைகளில் சாம்பல் நிறத்தில் பட்டு ரோமம் போன்ற மொக்குகள் அரும்புகின்றன. அவற்றைப் "பூனைக்குட்டிகள்" என்றே போலந்துக் குழந்தைகள் சொல்கின்றன. கோயிலில் மந்திரித்த மொக்கு ஒன்றை விழுங்கினால் வருஷம் முழுவதும் தொண்டை வலி வராது என்பது பாட்டிமார்களின் வைத்தியம். அந்தக் கிளைகளோடு உலர்ந்த பூவும் புல்லும் வர்ணக் காகிதமும் சேர்த்துக் கட்டி, அதையே ஓலை என்று வைத்துக்கொள்கிறார்கள். லிப்னித்சா முரோவானா என்னும் கிராமத்தில் யார் கட்டும் ஓலை உயரமானது என்று 1958 முதல் பந்தயம் நடக்கிறது. முப்பது மீட்டருக்கு மேல் உயரமான ஓலைகளையெல்லாம் அங்கே நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். நம் ஊர்க் கோபுரம் ஒன்றுக்குப் பூக்கட்டி நிறுத்தினாற் போல் இருக்கும்!

அதன் பிறகு சமையலறையில் யுத்தம் ஆரம்பமாகிறது. ஈஸ்டர்ப் பலகாரங்களில் ராணி "பாப்கா" என்ற உயரமான ரொட்டிக் கேக். பாப்கா என்றால் பாட்டி என்று அர்த்தம். பாட்டியின் கொசுவம் வைத்த பாவாடையைக் கவிழ்த்தாற்போல இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். பழைய ஜமீன்தார் மாளிகைகளில் ஒரு பாப்காவுக்குப் பல டஜன் மஞ்சள் கருக்களைச் சேர்ப்பது உண்டு. அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு மாவு உப்பி எழ வேண்டுமே என்று வீட்டுப் பெண்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். கதவுகளையும் ஜன்னல்களையும் அடைத்து விடுவார்கள். காற்றுப் பட்டால் மாவு அமுங்கி விடும் அல்லவா? உரத்துப் பேசக்கூடாது. அடுப்பிலிருந்து எடுத்த பாப்காவை இறகுத் தலையணையின் மேல் கைக்குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்தி ஆற வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்பிள்ளை எவனும் அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. தீபாவளிக்கு முந்தின இரவு நமக்கு விதிக்கப்படும் பிரஷ்டம் ஐரோப்பாவிலும் அமுலில் இருந்தது என்று அறிவதில் நமக்கு ஒரு விதமான ஆறுதல் ஏற்படுகிறது.

பாப்காவுக்கு அடுத்தபடி "மஸூரெக்" என்னும் தட்டையான பலகாரம். வெண்ணெய் சேர்த்துப் பிசைந்த மாவைப் பலகை போலச் சுட்டு, மேலே பழப்பாகும் பாதாமும் உலர்ந்த திராட்சையும், சில சமயம் பாலைச் சுண்டக் காய்ச்சிய இனிப்பும் பரப்பி அலங்கரிப்பார்கள். பன்றித் தொடையும் கொத்துக்கறிக் குழலும் மேஜையில் முக்கிய ஸ்தானம் வகிப்பவை. ஆனால் நாம் சாக பட்சணிகளானபடியால் அவற்றைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் யோக்கியதை நமக்கு இல்லை.

இவ்வளவுக்கும் நடுவே முட்டை எங்கிருந்து பண்டிகையின் நாயகனாக வந்தது? அதற்குத் தத்துவார்த்தம் ஒன்று உண்டு. நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வருவது போல, கல்லறையைத் திறந்துகொண்டு கிறிஸ்து எழுந்தார் என்பது தத்துவம். நடைமுறைக் காரணம் கோழிக்குத் தெரியும். குளிர் காலத்துச் சிறு பகல்களில் கோழி முட்டையிடுவது குறைந்து போகும். பகல் நீள நீள மறுபடியும் இடத் தொடங்கும். கோழி இடத் தொடங்கும் சமயம் பார்த்து மனிதன் நோன்பு இருக்கிறான். விளைவு, பண்டிகை வருவதற்குள் வீட்டில் முட்டை குவிந்து போகிறது.

குவிந்த முட்டைகளை அவர்கள் சித்திரமாக்கினார்கள். வெங்காயச் சருகைக் கொதிக்க வைத்தால் செம்பழுப்புச் சாயம், பீட்ரூட்டில் இளஞ்சிவப்பு, ரைப் பயிரின் இளந்தளிரில் பச்சை. ஒரே வர்ணத்தில் முக்கி எடுப்பது ஒரு வகை. அப்படி முக்கியதைக் கத்தி முனையால் சுரண்டிக் கோலமிடுவது மற்றொரு வகை. எல்லாவற்றிலும் உயர்ந்தது "பிஸான்கா". தேன்மெழுகை உருக்கி, குச்சியில் செருகிய குண்டூசித் தலையாலோ சிறு தகரக் குழாயாலோ அதைத் தொட்டுத் தொட்டு ஓட்டின் மேல் கோடு இழுக்கிறார்கள். பிறகு சாயத்தில் முக்குகிறார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது. மறுபடியும் மெழுகு, மறுபடியும் முன்னதை விட அழுத்தமான சாயம். கடைசியில் இளஞ்சூட்டில் காட்டி மெழுகைத் துடைத்து விட்டால், உள்ளே மறைந்திருந்த சித்திரம் அத்தனையும் வெளியே வரும். போலிஷ் பாஷையில் பிஸான்கா என்றால் "எழுதப்பட்டது" என்று பொருள். இதைப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நம் தமிழிலும் சித்திரத்தை எழுதுவதாகத்தானே சொல்கிறோம்?

ஓபோலே என்னும் நகரத்தில் பூமியைத் தோண்டியபோது, பத்தாம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்த வர்ண முட்டைகள் அகப்பட்டன. நம் நாட்டில் ராஜராஜ சோழன் பட்டத்துக்கு வந்தது 985-ல். ஏறக்குறைய அதே காலத்தில், ஓடர் நதிக் கரையில் யாரோ ஒரு பெண் மெழுகைத் தொட்டு முட்டையின் மேல் எழுதிக்கொண்டிருந்தாள்! எத்தனையோ கோட்டைகள் மண்ணோடு மண்ணாகப் போய் விட்டன. அந்த முட்டை ஓடு நிலைத்திருக்கிறது.

வியாழக்கிழமை இரவோடு கோயில் மணிகள் மௌனமாகி விடுகின்றன. மணிக்குப் பதிலாக மரக் கட்டைகளைத் தட்டி ஓசை எழுப்புகிறார்கள். சனிக்கிழமையன்றுதான் நாம் முதலில் சொன்ன கூடை புறப்படுகிறது. "ஸ்வியென்த்ஸோன்கா" என்பது அதன் பெயர். நமது நாக்குக்குப் பயிற்சி வேண்டுவோர் இதைப் பத்துத் தடவை சொல்லிப் பார்க்கலாம். கூடைக்குள் வெள்ளைத் துணி விரித்திருக்கும். விளிம்பில் பசுந்தழை செருகியிருக்கும். உள்ளே ஒரு துண்டு ரொட்டி, ஒரு சிட்டிகை உப்பு, சில வர்ண முட்டைகள், சிறிது மாமிசம், சின்னஞ்சிறு பாப்கா ஒன்று. வெண்ணெயாலோ சர்க்கரையாலோ செய்த ஆட்டுக்குட்டி ஒன்று. அது கிறிஸ்துவின் சின்னம். இவற்றோடு, மூக்கில் ஏறிக் கண்ணில் நீரை வரவழைக்கும் காரமான வேர் ஒன்றைத் துருவியோ துண்டாகவோ வைத்திருப்பார்கள். அது ஏசுநாதர் பட்ட பாட்டின் ஞாபகம். நேயர்கள் இந்த வேரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மறுபடியும் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கோயிலில் கூடைகளை வரிசையாக வைக்கிறார்கள். குருவானவர் தீர்த்தம் தெளிக்கிறார். இதில் பணக்காரன் கூடை, ஏழை கூடை என்று பெரிய வித்தியாசம் காட்ட இடமில்லை. எல்லாம் ஒரு வாய் அளவுதான். முற்காலத்தில் அப்படியில்லை. பெரிய மனிதர்களின் மாளிகைக்குக் குருவானவரே சென்று மேஜை முழுவதையும் மந்திரித்து வருவார். பதினேழாம் நூற்றாண்டில் ஸபியேஹா என்ற பிரபு வைத்த விருந்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். நாலு பருவங்களுக்காக நாலு காட்டுப் பன்றி, பன்னிரண்டு மாதங்களுக்காகப் பன்னிரண்டு கலைமான், ஐம்பத்திரண்டு வாரங்களுக்காக ஐம்பத்திரண்டு கேக், 365 நாளைக்கு 365 பாப்கா! வேலைக்காரர்களுக்காக, வருஷத்தின் மணிக் கணக்குப்படி 8,760 படி தேன் மதுவாம். கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு உப்பு என்று நாம் ஆராயப் போவதில்லை. அந்தப் பிரபுக்களின் மேஜையால் தேசத்தைக் காப்பாற்ற முடியவில்லை என்பது மட்டும் நிச்சயம். காப்பாற்றியது கூடைதான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மணிகள் மீண்டும் முழங்குகின்றன. கோயிலை மூன்று முறை ஊர்வலமாகச் சுற்றி வருகிறார்கள். பிறகு வீட்டுக்கு வந்து பசியோடு மேஜையைச் சூழ்ந்து நிற்கிறார்கள். முதலில் யாரும் எதையும் தொடக்கூடாது. வீட்டுப் பெரியவர் மந்திரித்த முட்டை ஒன்றை எடுத்து, அங்கே எத்தனை பேர் உண்டோ அத்தனை துண்டாக அறுக்கிறார். ஒவ்வொருவரிடமும் போய் ஒரு துண்டைக் கொடுத்து, வரும் வருஷத்துக்கு நல்வாழ்த்துச் சொல்கிறார். சண்டையிட்டுப் பேசாமலிருந்த மாமியாரும் மருமகளும், அண்ணனும் தம்பியும், அந்தத் துண்டை வாங்கிக்கொள்ளாமல் இருக்க முடியாது. ஈஸ்டர் விருந்தின் உயிர் இந்த ஒரு நிமிஷத்தில் இருக்கிறது என்பது நமது எண்ணம். முட்டை ஓட்டைக் கூடக் குப்பையில் எறிவதில்லை. தோட்டத்திலோ வயலிலோ தூவி விடுகிறார்கள்.

அப்புறம் விளையாட்டு. ஆளுக்கொரு முட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு முனையோடு முனை மோதுகிறார்கள். எவனுடைய முட்டை உடைகிறதோ, அவன் அதை ஜயித்தவனிடம் ஒப்புவித்து விட வேண்டும். சரிவில் முட்டையை உருட்டி விடும் ஆட்டமும் உண்டு.

திங்கட்கிழமையன்று ஊரே தண்ணீரில் மிதக்கிறது. "ஷ்மிகுஸ் டிங்குஸ்" என்பது அந்த நாளின் பெயர். வாலிபர்கள் வாளியும் குடமுமாகத் திரிந்து பெண்களை நனைத்து விடுவார்கள். வில்லோக் குச்சியால் காலில் தட்டுவதும் உண்டு. தப்பித்துக்கொள்ள விரும்பும் பெண் வர்ண முட்டையை லஞ்சமாகக் கொடுக்கலாம். ஒருவரும் நனைக்காமல் விட்டு விட்டால் அந்தப் பெண்ணுக்கு மனத்தாங்கலாம்! பதினைந்தாம் நூற்றாண்டிலேயே குருமார்கள் சபை கூடி இந்த வழக்கத்தைத் தடை செய்தார்கள். தடை எப்போதோ உலர்ந்து போயிற்று, தண்ணீர் உலரவில்லை. இப்போது பெண்களும் சரிக்குச் சரி வாளியைத் தூக்குகிறார்கள். முன்பின் தெரியாத வழிப்போக்கர்களை நனைத்துத் தொந்தரவு செய்தால் போலீஸார் அபராதம் போடுகிறார்கள். இரண்டும் நல்ல அபிவிருத்தி என்றே நாம் கருதுகிறோம். கிராக்கோ நகரத்தில் அன்றைக்கு "எம்மாவுஸ்" என்ற திருவிழாச் சந்தை. மரப் பொம்மைகளும் களிமண் மணிகளும் இதயம் போன்ற தின்பண்டங்களும் வாங்கிக்கொண்டு குழந்தைகள் குதூகலமாக வீடு திரும்பும்.

இவற்றில் எதற்கும் சர்க்காருடைய உத்தரவு தேவையில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பாடசாலையை மூடலாம், பத்திரிகையை நிறுத்தலாம். 1863 கிளர்ச்சிக்குப் பிறகு ருஷ்ய சர்க்கார் பள்ளிகளில் ருஷ்ய பாஷையைத் திணித்தார்கள். ஜெர்மானியர் ஆண்ட பகுதியிலே, விரெஷ்னியா என்ற ஊரில், 1901-ஆம் வருஷம், மதபாடத்தை ஜெர்மன் பாஷையில் ஒப்பிக்க மாட்டோம் என்று பள்ளிக் குழந்தைகள் பிடிவாதம் செய்தார்கள். அவர்களுக்குப் பிரம்படி கிடைத்தது. குழந்தைகளை அடிக்கலாம். ஆனால் ரொட்டியும் உப்பும் முட்டையும் வைத்த கூடையை எந்தச் சட்டத்தின் கீழ்ப் பறிமுதல் செய்வது? முட்டைத் துண்டை நீட்டும்போது தாயார் எந்தப் பாஷையில் வாழ்த்துகிறாள் என்று எந்த ஒற்றன் போய்க் கேட்பது? பின்னால் வந்த கம்யூனிஸ்டு ஆட்சியிலும் 1981 முதல் 1989 வரை மாமிசத்துக்கு ரேஷன் அட்டை. கூடை சற்று இளைத்தது. ஆனால் அது கோயிலுக்குப் போவது நிற்கவில்லை.

இத்துடன் நமது கட்டுரையை முடித்துக்கொண்டால் தேசபக்தர்களுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது அந்த முட்டைத் துண்டுக்கே துரோகம் செய்வதாகும்.

1943-ஆம் வருஷத்தில் ஈஸ்டர் ஏப்ரல் 25-ந் தேதி வந்தது. அதற்கு மேல் தாமதமாக அது வர முடியாது. வார்ஸா நகரம் அப்போது நாஜிகளின் கையில் இருந்தது. ஊர் நடுவே சுவர் எழுப்பி, அதற்குள் யூதர்களை அடைத்திருந்தார்கள். முந்தின வருஷம் கோடையில் அவர்களில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ரயிலேற்றித் திரெப்ளிங்கா கொலைக்களத்துக்கு அனுப்பியாகி விட்டது. மீந்தவர்களையும் பிடித்துச் செல்ல, ஏப்ரல் 19-ந் தேதி திங்கட்கிழமை படை உள்ளே புகுந்தது. கிறிஸ்தவர்களுக்கு அது புனித வாரத்தின் திங்கட்கிழமை. யூதர்களுக்கோ அன்று மாலைதான் பாஸ்காப் பண்டிகை ஆரம்பம். சில நூறு வாலிபர்களும் யுவதிகளும் கைத்துப்பாக்கியும் நாட்டு வெடிகுண்டுமாக எதிர்த்து நின்றார்கள். படையினர் வீடு வீடாகத் தீ வைத்தார்கள்.

சுவருக்கு வெளியே, க்ராஸின்ஸ்கி சதுக்கத்தில், ஒரு குடைராட்டினம் சுழன்றுகொண்டிருந்தது. பண்டிகை உடை உடுத்தியவர்கள் அதில் ஏறிச் சுற்றினார்கள். செஸ்லாவ் மிலோஷ் என்ற கவிஞர் அந்தக் காட்சியைக் கண்டு மனம் நொந்து அந்த வருஷமே ஒரு கவிதை எழுதினார். 1980-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர்தான். யெர்ஸி அந்த்ரெயெவ்ஸ்கி என்ற எழுத்தாளர் அந்த நாட்களைப் பற்றி எழுதிய நாவலுக்குப் பெயரே "புனித வாரம்".

பாஸ்கா விருந்தில் யூதர்கள் வைக்கும் தட்டில் என்னென்ன இருக்கும் தெரியுமா? சுட்ட முட்டை ஒன்று இருக்கும். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த கசப்பை மறவாமலிருக்க ஏதேனும் ஒரு கசப்புப் பண்டம் இருக்கும். போலந்தின் யூதர்கள் அதற்கு வைத்தது, நாம் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னோமே, அதே காரவேர்தான்! சுவருக்கு இந்தப் பக்கம் கூடையில் முட்டையும் வேரும். அந்தப் பக்கம் தட்டில் முட்டையும் வேரும். நடுவே ஒரு சுவர்; ஒரு பக்கத்தில் நெருப்பு; மறு பக்கத்தில் ராட்டினம்.

போலந்துக்காரர்கள் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவது நியாயமாகாது. யூதருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்பது அங்கே நாஜிகளின் சட்டம். அப்படியிருந்தும் அடைக்கலம் கொடுத்தவர்கள் உண்டு. அதற்காக உயிரை விட்டவர்களும் உண்டு. "ஜெகோத்தா" என்ற ரகசியச் சங்கம் 1942 டிசம்பர் முதல் இதே வேலையாக இருந்தது. இரேனா ஸெண்ட்லர் என்ற பெண்மணி தம் தோழர்களோடு சேர்ந்து ஏராளமான யூதக் குழந்தைகளைச் சுவருக்குள்ளிருந்து வெளியே கடத்தி வந்து காப்பாற்றினார். ஆயினும் அந்த ராட்டினம் சுழன்றதும் உண்மையே. பண்டிகை ஒரு தேசத்தைக் காப்பாற்றும் என்று சொன்னோம். அதே பண்டிகை, "இது எங்களுக்கு மட்டும்" என்று நினைக்கத் தொடங்கும்போது, கூடையின் விளிம்பே மதிற்சுவராக உயர்ந்து விடுகிறது.

அந்த யுத்த காலத்திலேயே இதற்கு நேர்மாறான ஒரு காரியமும் நடந்தது. அது நடந்தது நமது தேசத்தில். 1940-லும் 1941-லும் சோவியத் ஆட்சியாளர்கள் கிழக்குப் போலந்திலிருந்து லட்சக்கணக்கானவர்களைச் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடு கடத்தினார்கள். பலர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். தாய் தகப்பனை இழந்து தப்பி வந்த குழந்தைகளில் நூற்றுக்கணக்கானவர்களை, நவநகர் சமஸ்தானத்து மன்னர் ஜாம் சாகேப் திக்விஜயசிங் 1942-ல் வரவேற்றார். ஜாம்நகருக்கு அருகே கடலோரத்தில், பாலாசடி என்ற இடத்தில், அவர்களுக்கு இருப்பிடம் அமைத்தார். நீங்கள் அநாதைகள் அல்ல, நானே உங்களுக்கு "பாபு" என்று அவர் சொன்னதை, அந்தக் குழந்தைகள் தலை நரைத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் கோலாப்பூருக்கு அருகில் வலிவடே என்ற இடத்தில் இன்னும் பெரிய குடியிருப்பு ஏற்பட்டது. சுமார் ஐயாயிரம் போலந்துக்காரர்கள் அங்கே 1948 வரையில் வாழ்ந்தார்கள். அவர்களுக்குத் தங்கள் பாஷையில் பாடசாலை இருந்தது. தங்கள் குருமார் இருந்தார்கள். தங்கள் கோயில் இருந்தது.

1942 எப்பேர்ப்பட்ட வருஷம்! நம் தலைவர்கள் சிறை புகுந்த வருஷம். நம் வீட்டுச் சாவியே நம் கையில் இல்லாத காலத்தில், வேறொரு நாட்டுக் குழந்தைகளுக்கு இங்கே ஓர் அறை திறந்து விடப்பட்டது. உங்கள் பண்டிகையை விட்டு விட்டு வாருங்கள் என்று அந்த ஹிந்து மன்னர் அவர்களிடம் சொல்லவில்லை. வார்ஸாவில் இன்று "நல்ல மகாராஜா சதுக்கம்" என்று ஓர் இடம் இருக்கிறது. அவர் பெயரைத் தாங்கிய பள்ளிக்கூடமும் இருக்கிறது.

போலந்து அந்தப் பாடத்தை மறக்கவில்லை என்று நினைக்க இடமிருக்கிறது. 2022-ல் ருஷ்யப் படையெடுப்புக்குத் தப்பி உக்ரேனியத் தாய்மார்களும் குழந்தைகளும் லட்சக்கணக்கில் எல்லையைக் கடந்தபோது, எத்தனையோ போலந்துக் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே இடம் கொடுத்தன. அந்த வருஷம் கத்தோலிக்கர்களின் ஈஸ்டர் ஏப்ரல் 17; உக்ரேனில் பெரும்பாலோர் கொண்டாடும் ஈஸ்டர் ஏப்ரல் 24. முட்டையின் மேல் மெழுகால் எழுதும் கலை உக்ரேனியர்களுக்கும் பரம்பரைச் சொத்து. ஒரு வார இடைவெளியில் ஒரே வீட்டில் இரண்டு ஈஸ்டர் வந்தால், அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

போலந்தின் கடைகளிலும் இப்போது சாக்கலேட் முட்டையும் சாக்கலேட் முயலும் வந்து விட்டன. குழந்தைகளுக்கு அவை பிடிக்கின்றன, பிடிக்கட்டும். ஆனால் சாக்கலேட் முட்டையை அவரவர் தனித்தனியே தின்று விடலாம். மந்திரித்த முட்டையை அப்படிச் செய்ய முடியாது. பண்டிகைக் காலையில் எதிர்பாராத விருந்தாளி ஒருவர் வந்து கதவைத் தட்டினால், பெரியவர் முட்டையை இன்னும் ஒரு துண்டாக அறுக்க வேண்டும். மற்றவர்களுடைய துண்டு சற்றுச் சிறியதாகும், அவ்வளவுதான்.